வடிகட்டியில் மஞ்சள்

தண்ணீரைத் தூவும் நாசிலைக் கழற்றி வெள்ளைத் துணியின் மேல் வைத்தேன். துணியில் மஞ்சள் ஒட்டியது.

முதலில் துரு என்று நினைத்தேன். ஆனால் நான் போட்டிருந்த குழாய் நைலான், நாசில் பித்தளை. துருப்பிடிக்க அங்கே இரும்பே கிடையாது. நாசிலுக்குள் சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னதாக ஒரு வலை வடிகட்டி இருக்கும். ஊசியால் நெம்பி அதை வெளியே எடுத்தேன். வலையில் ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை. பசை மாதிரி அப்பிக் கிடந்தது. விரலில் தேய்த்து மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. மளிகைக் கடையில் விற்கிற மஞ்சள்தூள்.

காளவாசலில் பைபாஸ் ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது என் ஒர்க்‌ஷாப். உச்சி வெயிலில் தகரக் கூரை டப் டப்பென்று வெடித்துக்கொண்டிருந்தது. நான் அந்த வடிகட்டியை வெள்ளைத் துணியில் தனியாக எடுத்து வைத்தேன்.

கார் என் நண்பன் கார்த்தியுடையது. அதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போகிற வழியில் இழுவை இல்லாமல் படுத்துவிட்டது. படுத்த இடத்திலிருந்தே அவன் ஒரு காரியம் செய்தான். மதுரைக் கார்க்காரர்கள் இருநூறு பேருக்கு மேல் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், "வாட்டர் இன்ஜெக்‌ஷன் போட்டு ரெண்டே வாரம். ஃபேமிலியோட நடு ரோட்டுல நிக்கிறேன்" என்று என் கடைப் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டான்.

மறுநாளே மூன்று பேர் போன் செய்தார்கள். மூவரும் தங்கள் கார்களுக்கு அதே வேலையைச் செய்யச் சொல்லி நாள் குறித்திருந்தவர்கள். இப்போதைக்கு வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். இந்த ஊரில் இந்த வேலையைத் துணிந்து தொட்ட ஆள் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பெயர், ஒரு பகலில் போய்விட்டது.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூளைப் போட்டு ஓட்டையை அடைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்கிற லாரிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி யாரோ அரைகுறை மெக்கானிக் இந்தத் தண்ணீர்த் தொட்டியையும் ரேடியேட்டர் என்று நினைத்துக் கை வைத்துவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படி இருந்திருந்தால் இந்தத் தொடரில் இந்த வாரம் எழுதுவதற்கு எனக்கு விஷயமே இருந்திருக்காது.

இன்ஜினுக்குள் தண்ணீரா?

டர்போ கார்களைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் இன்ஜின் காலி என்பார்கள், நீங்கள் என்னவோ தண்ணீரைப் பீய்ச்சுகிறேன் என்கிறீர்களே என்று. நியாயமான கேள்வி.

வெள்ளத்தில் இறங்கிய கார் மடக் மடக்கென்று குடிக்கிற தண்ணீர் வேறு. நான் சொல்வது மார்கழிப் பனி போலத் தூவுகிற தண்ணீர்.

டர்போ என்பது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிற ஒரு விசிறி. காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். அந்தச் சூட்டில் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போலக் கேட்கும். விட்டால் பிஸ்டனை உடைத்துவிடும். இப்போதைய கார்களில் இருக்கும் கம்ப்யூட்டர் இந்தத் தட்டலைக் கேட்டதும் பயந்துபோய் இன்ஜினின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மதுரையில் ஓடுகிற டர்போ கார்களில் பாதி இப்படிப் பயந்துகொண்டுதான் ஓடுகின்றன. உரிமையாளர்கள் பெட்ரோல் பங்கைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

காற்றுக் குழாயில் ஒரு துளை போட்டு, நாசில் வைத்து, டர்போ முழு மூச்சில் ஊதுகிற நேரத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீரைத் தூவினால், அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தட்டல் நிற்கும். கம்ப்யூட்டருக்குத் தைரியம் வரும். அப்புறம் லேப்டாப்பை மாட்டி அதன் கணக்கைக் கொஞ்சம் மாற்றிவிட்டால், வண்டி பிய்த்துக்கொண்டு போகும்.

கார்த்தியின் காரில் டிக்கிக்குள் ஐந்து லிட்டர் தொட்டி, அதற்குக் கீழே ஒரு பம்ப், அங்கிருந்து அடிவயிறு வழியாக முன்பக்கம் வரும் குழாய் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து பொருத்தினேன். நாசிலின் துளை ஊசிமுனை அளவுதான். அதனால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறு எதையும் தொட்டியில் ஊற்றக் கூடாது. போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் ஆகாது. கார்த்தியிடம் மூன்று தடவை சொன்னேன். மூடியில் எழுதியும் ஒட்டினேன்.

இன்னொன்றும் செய்தேன். தண்ணீர் வரத்து குறைந்தால் அடுத்த நொடியே டர்போவின் வேகத்தை அடக்கி, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கை எரிய விடுகிற ஒரு சென்சார் வைத்தேன். அது வேண்டாம், சும்மா எதற்கு இழுத்துக்கொண்டு என்று கார்த்தி சொன்னான். நான் கேட்கவில்லை. அன்றைக்குக் குடும்பத்தோடு வண்டி இழுவை இல்லாமல் படுத்தது அந்தச் சென்சாரின் வேலைதான்; சிவப்பு விளக்கைப் பார்த்து அவன் ஓரமாக நிறுத்திவிட்டான். அது படுக்க வைத்திருக்காவிட்டால் பிஸ்டன் உடைந்திருக்கும். இன்ஜினின் உயிரைக் காப்பாற்றிய சாமானைத்தான் அவன் இருநூறு பேருக்கு முன்னால் வைதான்.

காகிதக் கப்

கார்த்தியும் நானும் ஒரே ஊர். சமயநல்லூரிலிருந்து உள்ளே போக வேண்டும். அவன் வீடு ஊருக்குள் இருந்தது. எங்கள் வீடு ஊரைத் தாண்டி இருந்த தெருவில். அவர்களுக்கு நிலம் இருந்தது. எங்கள் ஆட்கள் அந்த நிலத்தில் கூலிக்கு வேலை பார்த்தார்கள். இதற்கு மேல் விளக்கிச் சொல்லத் தமிழ்நாட்டில் யாருக்கும் அவசியம் இல்லை.

பாலிடெக்னிக்கில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அங்கேதான் அவன் எனக்கு மாப்ள ஆனான், நான் அவனுக்கு மாப்ள ஆனேன். ஒரே பொட்டலத்தில் பரோட்டா தின்றிருக்கிறோம். படிப்பு முடிந்ததும் அவன் அப்பாவின் விவசாயத்தோடு ஒரு டைல்ஸ் கடையும் வைத்தான். நான் ஒர்க்‌ஷாப்புகளில் வேலை கற்று, கோச்சடையில் வீடு பார்த்து, இங்கே கடை போட்டேன்.

டிக்கியில் தொட்டிக்கு அளவெடுக்க ஊருக்கே வரச் சொன்னான். போனேன். வாசலில் பந்தல் நிழலில் கார் நின்றது. அவன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவன் மகனா நீ என்று விசாரித்தார். ஆமாங்கய்யா என்றேன். எனக்கு நாற்பத்தைந்து வயது. அவர் என் அப்பாவை அவன் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஐயா என்றுதான் என் வாயில் வந்தது. அதற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

காபி வந்தது. அவருக்கும் கார்த்திக்கும் எவர்சில்வர் டம்ளரில். எனக்குக் காகிதக் கப்பில்.

"மாரி, காப்பியக் குடி. ஆறிரும்" என்றான் கார்த்தி.

அவன் வீட்டுக் கேட்டைத் தாண்டியதும் மாப்ள என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து இறங்கிவிட்டிருந்தது. குடித்து முடித்த கப்பை எங்கே போடுவது என்று பார்த்தேன். யாரும் கை நீட்டவில்லை. கசக்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று இங்கே எழுதினால் அது பொய். கப்பு சுத்தம், கழுவுகிற வேலை மிச்சம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டுதான் டேப்பை எடுத்து அளந்தேன்.

மடை

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

அந்த வீட்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியது அவர்தான். கரண்டு எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் கொட்டகைக்கு ஓட வேண்டும். மண்வெட்டியால் ஒரு மடையை வெட்டி விட்டு, அடுத்த மடையை அடைக்க வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் வரப்பில் உட்கார்ந்து பார்ப்பேன். முழங்கால் வரை சேறு, கையெல்லாம் சேறு. கிணற்றிலிருந்து வந்த தண்ணீர் அத்தனையும் அவர் கையைத் தொட்டுக்கொண்டுதான் பயிருக்குப் போனது.

அந்த நெல்தான் அவர்கள் வீட்டுப் பானையில் சோறாக வெந்தது. பொங்கலுக்குப் பொங்கலானது. சாமிக்கும் படைத்தார்கள். அதை எந்த மஞ்சளாலும் யாரும் கழுவியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அதே மோட்டார் கொட்டகையில் அவருக்குத் தாகம் எடுத்தால், குழாய் வாயில் குனிந்து குடிக்க விடமாட்டார்கள். யாராவது மேலேயிருந்து ஊற்றுவார்கள். அவர் இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடிப்பார். பாதி முழங்கை வழியாக ஓடிவிடும். அப்போது எனக்கு அது ஒரு விளையாட்டு மாதிரித் தெரிந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கார்த்தி வந்தான்

மஞ்சளைப் பார்த்த அன்று சாயங்காலம் கார்த்தி கடைக்கு வந்தான். வந்தவன் காரைப் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்னாச்சு மாப்ள? பம்ப் போயிருச்சா?"

"பம்ப் நல்லா இருக்கு."

"அப்ப வயரிங்கா?"

வடிகட்டியை அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. அந்த நொடியில் எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"தொட்டில யாருடா கை வச்சா?"

அவன் வடிகட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"அந்தத் தொட்டிய நான்தான நெரப்புனேன். அம்புட்டும் டிஸ்டில்டு வாட்டரு. ரெண்டு மாசத்துக்குக் காணும்னு சொன்னேன்ல. அதக் கீழ ஊத்திட்டு மஞ்சத் தண்ணிய ஊத்துனது யாரு?"

"அப்பாதான்" என்றான். "கோயிலுக்குப் போற வண்டிடா. காலைல சந்தனம் குங்குமம் எல்லாம் வச்சு, டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சு... அப்பத்தான் டிக்கியத் தொறந்து பாத்தாரு. இது என்ன தண்ணின்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"மாரி ஊத்துனதுன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"அவன் கையால ஊத்துன தண்ணியோட சாமிட்டப் போகக் கூடாதுன்னுட்டாரு. குழாயப் புடுங்கி எல்லாத்தையும் எறக்கிவிட்டு, வீட்டுக் கெணத்துத் தண்ணில மஞ்சளக் கரைச்சுக் கழுவி, குழாயத் திரும்ப மாட்டி, அதையே ஊத்திட்டாரு. நான் சொன்னேன் மாப்ள. வேணாம்ப்பான்னு சொன்னேன். கேக்கல."

எத்தனை தடவை சொன்னாய் என்று கேட்டேன். ஒரு தடவை என்றான்.

கையிலிருந்த ஸ்பேனரை டூல் பாக்ஸில் வைத்தேன். வைக்காமல் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அந்தக் காரில் நான் தொடாத இடம் எது? இன்ஜின் ஆயில் நான் ஊற்றியது. பிரேக் ஆயில் நான் ஊற்றியது. அவர் கை வைத்துச் சாய்ந்துகொள்கிற கதவைக் கழற்றி மாட்டியது நான். நான் மாட்டிய பிரேக்கை நம்பிக் குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்தவருக்கு, நான் ஊற்றிய தண்ணீர் மட்டும் ஆகவில்லை. அதுவும் குடிக்கிற தண்ணீர் இல்லை. இன்ஜினுக்குப் போகிற தண்ணீர். ஒரு இன்ஜின் என் கையால் தண்ணீர் குடிப்பதைக்கூட அவரால் பொறுக்க முடியவில்லை.

"இது தெரிஞ்சும்தான் குரூப்புல என் கடை பேரப் போட்டியா?"

"அப்பா பக்கத்துலயே உக்காந்திருந்தாரு மாப்ள. உன்னையத்தான் வஞ்சுக்கிட்டு இருந்தாரு. நான் என்னத்த செய்ய?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "ஒண்ணு செய்யி. பம்ப் பழுது, மாத்திக் குடுத்துட்டேன்னு குரூப்புல நீயே போட்ரு. எல்லாம் முடிஞ்சிரும். அப்பாவுக்கும் மரியாதையா இருக்கும்."

அவன் அப்பாவின் மரியாதைக்கு என் பம்ப் பழுதாக வேண்டுமாம்.

"வண்டிய நாளைக்கு எடுத்துக்க" என்றேன். "போறேன் மாப்ள" என்று அவன் எழுந்தான். நான் காரின் பானெட்டை மூடினேன்.

யாரும் கேட்கவில்லை

மறுநாள் காலையில் தொட்டியைக் கழுவினேன். குழாயை ஊதினேன். புது நாசில் மாட்டினேன். வேலையில் குறை வைக்க எனக்கு மனசு வராது. ஆனால் தொட்டியைக் காலியாகத்தான் விட்டேன். தண்ணீர் இல்லாவிட்டாலும் சென்சார் பார்த்துக்கொள்ளும், வண்டி மெதுவாக ஓடும். யார் கையால் ஊற்றினால் சாமிக்குப் பிடிக்குமோ அவர்களே ஊற்றிக்கொள்ளட்டும் என்று, வண்டியை எடுக்க வந்த ஆளிடம் சாவியைக் கொடுத்தனுப்பினேன்.

பிறகு அந்த வடிகட்டியை வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்தேன். குழுவில் போட்டேன். கீழே இப்படி எழுதினேன்: "பம்ப் நன்றாக இருக்கிறது. தொட்டியில் நான் ஊற்றியது டிஸ்டில்டு வாட்டர். அதை இறக்கிவிட்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ஏன் என்று வண்டிக்காரரைக் கேளுங்கள்."

அந்தக் குழுவில் யாராவது டயருக்குக் காற்று எவ்வளவு என்று கேட்டால் நாற்பது பதில் வரும். ஹாரன் மாற்றினால் வாழ்த்து வரும். அன்று பகல் முழுவதும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நூற்றுத் தொண்ணூறு பேர் படித்துவிட்டதாகக் காட்டியது. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. எதற்காக மஞ்சள் என்று புரியாத ஆள் அதில் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் கேட்கவில்லை. மூன்று மணிக்கு ஒருவர் சீட் கவர் எங்கே நன்றாகப் போடுவார்கள் என்று விசாரித்தார். அதற்கு வரிசையாகப் பதில்கள் வந்தன.

கார்த்தி மட்டும் போன் செய்தான். "வீட்டு விசயத்த இப்படி வெளிய போட்டுட்டியே" என்றான்.

"என் கடை பேரு எங்க கெடந்துச்சோ அங்கதான் போட்டேன்" என்றேன். அதோடு சரி. அவன் போன் செய்து பல மாதங்கள் ஆகின்றன.

அந்தப் படத்துக்குப் பிறகு, வேண்டாம் என்று சொன்ன மூன்று பேரில் ஒருவர் திரும்ப வந்தார். பழங்காநத்தத்துப் பக்கம் மருந்துக் கடை வைத்திருப்பவர். கொஞ்சம் இளையவர். எனக்கு முன்பின் பழக்கம் இல்லை. என்ன ஆட்கள், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாசில் அளவு, பம்பின் அழுத்தம், சென்சார் என்று விவரமாகக் கேட்டார். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது.

கடைசி நாள் தண்ணீர் நிரப்புவதற்காக என் அலமாரியிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் கேனை எடுக்கத் திரும்பினேன்.

"அண்ணே, இருங்க" என்றார். பின்கதவைத் திறந்து ஒரு பெரிய புதுக் கேனை எடுத்து நீட்டினார். "தண்ணி நானே கொண்டாந்துட்டேன். எங்க கடை வழியா வந்ததுண்ணே. சீல் ஒடைக்காதது."

மருந்துக் கடைக்காரர். நல்ல தண்ணீர் அவருக்குச் சுலபமாகக் கிடைக்கும். மஞ்சள் அடைத்த வடிகட்டியைப் படத்தில் பார்த்தவர், தன் இன்ஜினுக்காகக் கவனமாக இருக்கிறார். அப்படித்தான் இருக்கும். அப்படி இல்லாமலும் இருக்கலாம். யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது? அந்த மஞ்சளைப் பார்ப்பதற்கு முன்னால் இதே கேனை யாராவது நீட்டியிருந்தால் நன்றி என்று வாங்கியிருப்பேன். ஒரு மனிதன் தண்ணீர் கொண்டு வந்தால் அது எதற்கு என்று யோசிக்க வேண்டிய ஆளாக என்னை ஆக்கிவிட்டார்கள்.

கேனை வாங்கினேன். சீலை நானே உடைத்தேன். புனலை அவரிடம் கொடுக்கவில்லை, என் கையிலேயே பிடித்துக்கொண்டேன். தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தேன். ஊற்றும்போது தொட்டியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றினேன். ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன்.

தொட்டி நிறைந்து, டிக்கியின் கார்ப்பெட் நனைந்து, தண்ணீர் பம்பர் வழியாக வழிந்து என் காலில் கொட்டியது. அப்போதுதான் கேனை நிமிர்த்தினேன்.